பழைய தொலைபேசி வயரிங்கை மாற்றுவது எப்படி: அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

1980களிலும் 90களிலும் சென்னையில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், படிக்கட்டின் அடியிலோ மின் மீட்டர்களுக்கு அருகிலோ ஒரு தகரப் பெட்டி இன்றும் தொங்கிக்கொண்டிருக்கிறது. டி.பி. பெட்டி என்று சொல்லப்படும் அதிலிருந்துதான் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசிக் கம்பி சுவருக்குள் ஏறிப் போகிறது. அந்தக் கம்பியின் இடத்தில் இணையக் கேபிளும் ஃபைபரும் போடுவதற்கான இந்த வழிகாட்டி, தரைத்தளத்துடன் சேர்த்து நான்கு தளங்களும் 16 வீடுகளும் உள்ள அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

எங்கள் குடியிருப்பில் இந்த வேலையை முடித்த பிறகு, அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் சிலவற்றில் சங்கத்தினருடன் கூட நின்று பார்த்திருக்கிறேன். வேலை கெட்ட இடங்களில் பெரும்பாலும் காரணம் ஒன்றாகவே இருந்தது. உபயோகமில்லை என்று நினைத்துப் பழைய கம்பியை முதல் நாளே உருவி எறிந்துவிடுகிறார்கள். சுவருக்குள் புதைந்த குழாயின் இந்த முனையையும் அந்த முனையையும் இணைத்துக்கொண்டிருப்பது அந்தக் கம்பி ஒன்றுதான். புதிய கேபிளை உள்ளே இழுத்துச் செல்லும் கயிறும் அதுவே. கீழே உள்ள வரிசை முழுவதும் அந்தக் கயிற்றைக் கடைசி வரை காப்பாற்றுவதற்காக அமைந்தது.

1. எந்த ஜோடி எங்கே போகிறது என்று எழுதிவையுங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் கையுறை அணிந்துகொள்ளுங்கள். குளவிகள் கட்டிய மண்கூடும் பல்லி முட்டைகளும் பச்சை பூத்த செம்பு முனைகளும் இருப்பது வழக்கம். உள்ளே பத்துப் பத்து ஜோடிகளாகக் கம்பிகளைக் கடித்துப் பிடித்திருக்கும் குரோன் மாட்யூல்கள் தெரியும். ஒரு பக்கத்தில் தெருவிலிருந்து வரும் ஜெல்லி நிரப்பிய கேபிளும் மறுபக்கத்தில் வீடுகளுக்குப் போகும் கம்பிகளும் இருக்கும். தெருவிலிருந்து பெட்டி வரை உள்ளது தொலைபேசி நிறுவனத்துக்குச் சொந்தமானது, அதைத் தொடாதீர்கள். வீடுகளுக்குப் போகும் பக்கம் மட்டுமே உங்கள் வேலை.

ஒவ்வொரு ஜோடியிலும் மல்ட்டிமீட்டரை நேர்மின்சார (டிசி) அளவில் வைத்துப் பாருங்கள். 48 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால், அது எக்ஸ்சேஞ்சுடன் உயிருள்ள இணைப்பு. அழைப்பு வரும்போது அதே கம்பியில் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் ஓடும். அது ஆளைக் கொல்லாது என்றாலும், ஏணியில் நிற்பவரை உதறித் தள்ளப் போதுமானது. எனவே ஈரக்கையுடனோ இடி மின்னல் நேரத்திலோ இந்தப் பெட்டியில் வேலை செய்யக் கூடாது.

மின்னழுத்தமே இல்லாத ஜோடிகளை டோனர் என்ற கம்பி தேடும் கருவி கொண்டு தேடுங்கள். வீட்டுச் சுவரில் தொலைபேசியைச் செருகும் சிறு பெட்டியான ரொசெட்டில் ஒலி எழுப்பும் பகுதியை மாட்டிவிட்டு, பெட்டியில் முனைக்கோலைக் கம்பி கம்பியாகக் கொண்டுபோனால், உரிய ஜோடியில் கீச்சொலி உரக்கக் கேட்கும். வீட்டு எண், ஜோடி எண், கம்பியின் நிறம், மின்னழுத்தம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, கம்பியிலேயே துணி நாடா லேபிளும் ஒட்டுங்கள்.

டயல் டோன் இல்லாத ஜோடியெல்லாம் செத்த ஜோடி அல்ல. இண்டர்காம், காவலாளி அறைத் தொலைபேசி, லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசி ஆகியவை பெரும்பாலும் இதே கம்பிக்கட்டில் மிச்சமிருந்த ஜோடிகளை எடுத்துக்கொண்டுதான் ஓடுகின்றன. ஒரு கட்டடத்தில் டயல் டோன் வராத எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து மின்தடையில் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பாட்டி அந்தப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். கீழே எதுவும் ஒலிக்கவில்லை. அதன் பிறகு எங்கு போனாலும் லிஃப்ட் தொலைபேசியை எடுத்துப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் நான் நோட்டைத் திறக்கிறேன்.

2. சுவருக்குள் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்

வீட்டு ரொசெட்டைக் கழற்றி, ஒருவர் மேலே கம்பியை மெல்ல ஒரு சாண் அளவு இழுக்க, மற்றொருவர் கீழே பெட்டியில் கவனிக்கட்டும். அங்கே கம்பி உள்ளே போனால், குழாய் இருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது. அசையவே இல்லையென்றால், கம்பியைக் குழாயில்லாமல் பூச்சுக்குள் புதைத்திருக்கலாம், அல்லது இடையில் உள்ள ஜங்ஷன் பெட்டியின் மேல் யாரோ சுண்ணாம்பும் பெயிண்ட்டும் அடித்து மூடியிருக்கலாம்.

இரண்டாவதுதான் அதிகம் நடப்பது. படிக்கட்டுத் திருப்பங்களிலும் வீட்டு வாசல் நிலைக்கு மேலேயும் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் சுரண்டினால் மூடி தெரியும். இந்தப் பெட்டிகளைக் கண்டுபிடிக்காமல் கீழிருந்து மேல்வரை ஒரே மூச்சில் இழுக்க நினைப்பவர்கள்தான் கம்பியை நடுவில் அறுத்துக்கொள்கிறார்கள்.

பழைய கட்டடங்களில் முக்கால் அங்குலக் குழாய்தான் பெரும்பாலும் இருக்கும். புதிதாக இழுக்கப்போகும் கேட்-6 (நான்கு ஜோடிக் கம்பிகள் கொண்ட ஈதர்நெட் இணையக் கேபிள்) விட்டம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பொது விதி. அதன்படி முக்கால் அங்குலக் குழாயில் இரண்டு கேட்-6 தாராளமாகப் போகும், மூன்றாவதுக்கு நெருக்கடி. செங்கோண வளைவு இரண்டுக்கு மேல் இருந்தால், அந்த மூன்றாவதை மறந்துவிடுங்கள்.

அதே குழாயில் 230 வோல்ட் மின்கம்பியும் போவதாகத் தெரிந்தால், அந்தக் குழாயைக் கைவிட்டுவிடுங்கள். மின்கம்பியின் உறை எங்காவது உரசித் தேய்ந்தால், மின்சாரம் நேராக வீட்டிலுள்ள கருவிக்கும் அதைத் தொடுபவருக்கும் போகும். இங்கே சமரசத்துக்கே இடமில்லை.

குழாய் இல்லாத ஓட்டங்களுக்குப் படிக்கட்டுச் சுவரில் பிவிசி கேசிங்-கேப்பிங் (சுவரின் மேல் பொருத்தும் மூடியுள்ள பிளாஸ்டிக் பட்டை) போடுவதே நேர்வழி. சுவரில் காடி வெட்டிப் புதைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முப்பது வருடச் சுவரில் காடி வெட்டினால் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, வயரிங் செலவைவிடக் கொத்தனார் செலவு கூடிவிடும்.

3. வீட்டுக்கு வீடு எதை இழுப்பது

என் பரிந்துரை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேட்-6 கேபிளும், அதனுடன் இரண்டு இழைகள் கொண்ட உட்புற ஃபைபர் கேபிள் ஒன்றும். இன்று இணைய நிறுவனங்களில் சில வீடு வரை ஃபைபர் தருகின்றன. சில கட்டடம் வரை ஃபைபரும் அங்கிருந்து ஈதர்நெட் கேபிளும் தருகின்றன. இரண்டும் சுவருக்குள் இருந்தால், எந்த நிறுவனம் வந்தாலும் வெளிச்சுவரில் கறுப்புக் கம்பியைத் தொங்கவிட வேண்டியதில்லை.

கேட்-5இ போதாதா என்று கேட்பார்கள். 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தை அதுவும் தரும். கேட்-6 சுமார் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட்டையும் தாங்கும். நான்கு தளக் கட்டடத்தில் எந்த ஓட்டமும் அந்த அளவைத் தாண்டாது. இழுக்கும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதால், விலை வித்தியாசத்தைப் பார்த்துக் கீழே இறங்க வேண்டாம்.

அமைப்பையும் இப்போதே தீர்மானியுங்கள். பழைய தொலைபேசியில் ஹாலில் உள்ள ரொசெட்டிலிருந்து படுக்கையறைக்கு, அங்கிருந்து இன்னோர் அறைக்கு என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கம்பி எடுத்திருப்பார்கள். குரலுக்கு அது போதும். ஈதர்நெட்டுக்கு அது ஆகாது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மையத்துக்குத் தனிக் கேபிள் நேராக வர வேண்டும், நடுவில் ஒட்டு இருக்கக் கூடாது.

ஒரே கேபிளின் நான்கு ஜோடிகளில் இரண்டை இணையத்துக்கும் ஒன்றை இண்டர்காமுக்கும் பிரித்துக் கொடுக்கும் சிக்கனத்தையும் பார்த்திருக்கிறேன். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் தேவை. பிரித்தால் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இண்டர்காம் தொடர வேண்டுமென்றால் அதற்கெனத் தனிக் கேபிள் போடுங்கள்.

4. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கேட்-6 கேபிள் 305 மீட்டர் பெட்டியாக விற்கப்படுகிறது. சராசரி ஓட்டம் 25 மீட்டர், இரு முனைகளிலும் சேர்த்து மிச்சம் 3 மீட்டர் என்று வைத்தால், 16 வீடுகளுக்கு 448 மீட்டர் ஆகும். இரண்டு பெட்டி போதும். ஆனால் நீளமான ஓட்டங்களை முதலில் இழுக்க வேண்டும். மேல்தள வீடுகளை முடித்த பிறகு மிஞ்சும் துண்டுகள் தரைத்தள வீடுகளுக்கு உதவும். வரிசையை மாற்றினால், பெட்டியின் அடியில் யாருக்கும் எட்டாத 20 மீட்டர் துண்டுதான் கிடக்கும். கேபிளின் உறையில் மீட்டர் கணக்கு அச்சிட்டிருக்கும். தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் குறித்தால், ஓட்டத்தின் நீளம் அளக்காமலே கிடைத்துவிடும்.

விலை மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, செம்புப் பூச்சுள்ள அலுமினியம். கடையிலேயே ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது எளிதில் முறியும், மின்னோட்டத்துக்குத் தடை கூடுதல், கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கேமரா போன்றவற்றை இணைத்தால் சூடேறும். சுவருக்குள் போவது முழுச் செம்பு, ஒற்றைத் திடக்கம்பி கேபிளாக இருக்க வேண்டும். இழைகளாலான மெல்லிய கேபிள் வெளியே செருகும் பேட்ச் கார்டுக்கு மட்டுமே.

மற்றவை: கீஸ்டோன் ஜாக்குகள் (வீட்டுச் சுவரில் கேபிள் முடியும் துளைகள்), எல்லா வீட்டுக் கேபிள்களும் மையத்தில் வந்து சேரும் 24 துளைகள் கொண்ட பேட்ச் பேனல், கம்பியை ஜாக்கில் அழுத்திப் பொருத்தும் பஞ்ச் டவுன் கருவி, கேபிளைச் சோதிக்கும் லான் டெஸ்டர், 4 மில்லிமீட்டர் நைலான் கயிறு, குழாய்க்குள் விடும் வளையும் எஃகுக் கம்பி, முகப்பவுடர் டப்பா ஒன்று. பவுடர் எதற்கென்று ஆறாம் படியில் தெரியும்.

5. மையப் பெட்டி எங்கே இருக்க வேண்டும்

பழைய டி.பி. பெட்டி இருந்த இடத்திலேயே புதியதை மாட்டுவது எளிது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னையில் தரைத்தளத்தில் மின்னணுக் கருவிகளை வைப்பது சரியல்ல. முதல் மாடித் திருப்பத்தில், தலைக்கு மேல் உயரத்தில், மழைச்சாரல் அடிக்காத சுவரில் பூட்டுள்ள பெட்டியை மாட்டுங்கள். கீழிருந்து வரும் பழைய குழாய்களில் பெரும்பாலானவை அந்தத் திருப்பத்தைக் கடந்துதான் மேலே போகும் என்பதால், அங்கேயே அவற்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

அந்தப் பெட்டிக்குப் பொதுமின் இணைப்பும், எர்த்தும், சிறு யுபிஎஸ் ஒன்றும் வேண்டும். செம்புத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் பெற்றதால், கட்டடம் இருளில் மூழ்கினாலும் பேச முடிந்தது. ஃபைபரில் அது நடக்காது. கட்டடப் பெட்டிக்கும், வீட்டில் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டிக்கும் தனித்தனியே யுபிஎஸ் இருந்தால்தான் மின்தடையில் தொலைபேசி வேலை செய்யும். தனியாக வாழும் முதியவர்கள் உள்ள வீடுகளில் இதை நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். சுற்றறிக்கையில் எழுதினால் படிக்காமல் போகலாம்.

6. பழைய கம்பியைக் கொண்டு புதியதை இழுப்பது

வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து குழாய்கள் காய்ந்த பிறகு, பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் ஈரமிருந்தால் மண்ணும் சுண்ணாம்பும் சேறாகிப் பழைய கம்பியைக் கவ்விக்கொள்ளும்.

பழைய கம்பியில் நேரடியாகக் கேபிளைக் கட்டாதீர்கள். முதலில் நைலான் கயிற்றை மட்டும் கட்டி இழுங்கள். அந்த மெல்லிய செம்புக் கம்பி கேபிளின் எடையையும் வளைவுகளின் உராய்வையும் சேர்த்துத் தாங்காது. கயிற்றை மட்டும் என்றால் தாங்கும். கயிறு மறுமுனைக்கு வந்துவிட்டால் குழாய் உங்கள் கையில் வந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு அறுந்தாலும் கவலையில்லாத அளவுக்கு, கேபிளுடன் சேர்த்து இரண்டாவது கயிறு ஒன்றையும் இழுத்து உள்ளேயே விட்டுவிடுங்கள். பத்து வருடம் கழித்து அடுத்த கேபிளை இழுக்கப்போகிறவருக்கு அது வேண்டும்.

முடிச்சு போடும் முறையைச் சொல்கிறேன். கேட்-6 உறையை ஒரு சாண் நீளம் உரித்து, எட்டுக் கம்பிகளில் நான்கை வெட்டிவிட்டு, மீதி நான்கைக் கயிற்றின் கண்ணியில் நுழைத்து மடக்கித் தன்மேலேயே முறுக்குங்கள். ஃபைபர் கேபிளைப் பொறுத்தவரை, கண்ணாடி இழையை அல்ல, அதன் பக்கங்களில் ஓடும் வலுவூட்டும் நார்க்கம்பிகளை மட்டும் கயிற்றில் கட்டுங்கள். பிறகு கட்டு முழுவதையும் இன்சுலேஷன் டேப்பால் கேரட் போலக் கூம்பாகச் சுற்றுங்கள். முனை மொட்டையாக இருந்தால் குழாயின் முதல் இணைப்பிலேயே முட்டி நிற்கும்.

இருவர் வேண்டும், கைப்பேசியில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருப்பவர் கேபிளில் பவுடரைத் தடவித் தடவி உள்ளே தள்ளுவார்; மேலே இருப்பவர் அதே தாளத்தில் இழுப்பார். தள்ளுவதுதான் வேலையில் பாதி. இழுப்பவர் மட்டும் பலம் காட்டினால், கேபிள் வளைவில் சப்பையாகும், உள்ளே ஜோடிகளின் முறுக்கு கலையும். கேட்-6 தாங்கக்கூடிய இழுவிசை சுமார் 110 நியூட்டன், அதாவது பதினொரு கிலோ எடையைத் தூக்கும் அளவு. ஒரு கையால் சீராக இழுக்க முடியாத இடத்தில், இரண்டு கையும் காலும் கொடுத்து இழுப்பதற்குப் பதில், நிறுத்தி அரை அடி பின்னால் விட்டு மறுபடி இழுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். நாளடைவில் உறை கெடும்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு குழாயில் கேபிள் பாதியில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் முன்னும் பின்னும் அசைத்த பிறகு சமையலறைச் சுவரில், யாருக்கும் தெரியாமல் டைல்ஸுக்குள் போயிருந்த ஜங்ஷன் பெட்டியில் மாட்டியிருந்தது என்று எஃகுக் கம்பியின் நீளத்தை அளந்து கண்டுபிடித்தோம். ஒரே ஒரு டைல்ஸை எடுத்து மூடி போட்டோம். பலமாக இழுத்திருந்தால் அந்த வீட்டுக்கு வழியே போயிருக்கும்.

பழைய கம்பியில் இணைப்பு உயிருடன் இருக்கும் வீடுகளை முதல் சுற்றில் தொடாமல் விடுங்கள். அவற்றை ஒன்பதாம் படியில் பார்க்கலாம்.

7. முனைகளைக் கட்டுவது

இரு முனையிலும் ஒரே நிறவரிசை வேண்டும். இங்கே பரவலாக உள்ளது 568-பி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நீல ஜோடி நடுவிலுள்ள 4, 5 ஆகிய இடங்களில் அமைவதால், பிற்காலத்தில் அதே ஜாக்கில் சாதாரணத் தொலைபேசி பிளக்கைச் செருகினாலும் இணைப்பு கிடைக்கும்.

முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். ஜோடியின் இரு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றியிருப்பதுதான் வெளிக்குறுக்கீட்டை அழிக்கிறது. வேலை சுலபமாகட்டும் என்று இரண்டு அங்குலம் பிரித்தால், அந்த இரண்டு அங்குலத்திலேயே கேட்-6 தன் தரத்தை இழந்துவிடும். ஜாக்கின் பின்னால் கேபிளைக் கூர்மையாக மடக்கவும் கூடாது; வளைவின் ஆரம் குறைந்தது 25 மில்லிமீட்டர் இருக்கட்டும். பழைய ரொசெட்டுகளின் பெட்டி ஆழமற்றது என்பதால் ஆழமான பெட்டியை வாங்கி மாட்டுங்கள்.

ஃபைபர் முனைகளை நீங்கள் கட்ட வேண்டாம். இழையை உருக்கி ஒட்டும் கருவி உள்ளவரை ஒரு நாள் கூலிக்கு அழைத்து எல்லா வீட்டையும் ஒரே நாளில் முடியுங்கள். வெட்டிய கண்ணாடித் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் தரையில் கிடந்து காலில் ஏறும். அவற்றை டேப்பில் ஒட்டியே எடுக்கச் சொல்லுங்கள். இணைப்புள்ள ஃபைபர் முனைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் பாதுகாப்பானது என்றாகிவிடாது.

8. சோதனை

லான் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது பரவலான தவறு. அந்தக் கருவி கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். இரு முனையிலும் நிறங்களை ஒரே மாதிரி, ஆனால் ஜோடி கலந்து கட்டியிருந்தால் விளக்குகள் எல்லாம் எரியும். இணையம் மட்டும் அறுந்து அறுந்து வரும்.

எனவே இரண்டு மடிக்கணினிகளை இரு முனையிலும் மாட்டி, இணைப்பு வேகம் 1 ஜிகாபிட் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 100 மெகாபிட் காட்டினால், ஏதோ ஒரு ஜோடி சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு பெரிய கோப்பு ஒன்றைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வேகம் நிலையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டுக்காரர் முன்னிலையில் இதைச் செய்து நோட்டில் தேதியுடன் எழுதினால், பின்னால் யார் வீட்டு ரவுட்டர் கெட்டாலும் வயரிங்கின் மேல் பழி வராது.

9. இணைப்பை மாற்றும் நாள்

உயிருள்ள செம்பு இணைப்பு வைத்திருக்கும் வீடுகளுக்கு, தற்காலிகமாக வேறு வழியில் ஃபைபர் இணைப்பு வந்து தொலைபேசி ஓஎன்டி பெட்டியில் பேசுகிறது என்று உறுதியான பிறகே பழைய கம்பியைக் கயிறாகப் பயன்படுத்துங்கள். ஒரு நாளில் இரண்டு வீட்டுக்கு மேல் மாற்ற வேண்டாம். லிஃப்ட் தொலைபேசியையும் இண்டர்காமையும் மாற்றிய உடனே எடுத்துப் பேசிப் பாருங்கள். மறுநாள் காலையில் கட்டட மின்சாரத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பேசிப் பாருங்கள்.

செம்பு இணைப்பையே வைத்துக்கொள்ள விரும்பும் வீடு இருந்தால் வற்புறுத்தாதீர்கள். புதிய கேட்-6இன் நீல ஜோடியை மையப் பெட்டியிலிருந்து டி.பி. பெட்டி வரை நீட்டி, நிறுவனத்தின் ஊழியரைக் கொண்டு மாட்யூலில் இணைத்துவிட்டால் அதே எண் தொடரும்.

10. துளைகளை அடைத்தல், அட்டவணை ஒட்டுதல்

தளத்துக்குத் தளம் கேபிள் ஏறும் துளைகளைத் தீத்தடுப்புப் பசையால் அடையுங்கள். திறந்த துளை, தீ விபத்தில் புகையை மேல்தளத்துக்கு ஏற்றும் புகைபோக்கியாகிவிடும். சிமெண்ட்டால் அடைத்தால், அடுத்த கேபிள் போடும்போது உடைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, நோட்டில் உள்ள அட்டவணையைச் சுத்தமாக எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு மையப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்: பேனல் துளை எண், வீட்டு எண், கேபிளின் நீளம், இடையிலுள்ள ஜங்ஷன் பெட்டிகளின் இடம், சோதித்த தேதி. ஒரு நகலைச் சங்கச் செயலரிடமும், மற்றொன்றைக் காவலாளி அறையிலும் வையுங்கள். காலியான டி.பி. பெட்டியை நீங்களாகக் கழற்றாமல், நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் வந்து எடுக்கும் வரை மூடி வையுங்கள்.